வாசலில் நுழைந்தால் என் தாலாட்டு

நேயர்களுக்கு வணக்கம். செட்டிநாட்டுக்காரன் வானொலியில் பேச வந்தால் வீட்டைப் பற்றியோ விருந்தைப் பற்றியோ பேசுவான் என்று எதிர்பார்ப்பீர்கள். நான் இன்றைக்குப் பியானோ வாசிப்பவர்களைப் பற்றிப் பேசப் போகிறேன். ஹோட்டல் கூடத்தில் ஜனங்கள் சாப்பிட்டுக்கொண்டும் பேசிக்கொண்டும் இருக்கையில், ஓர் ஓரமாக உட்கார்ந்து மூன்று மணி நேரம் வாசித்துவிட்டுப் போகிறவர்கள். அவர்களில் ஒருவருக்கு நான் பெரிய கடன்பட்டிருக்கிறேன்.

அதற்கு முன்னால் எங்கள் வீட்டுப் பியானோ. எங்களுக்குக் கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊர். முகப்பைத் தாண்டி, வளவு என்கிற நடு முற்றத்தைத் தாண்டி, இரண்டாம் கட்டுக்குப் போகிற வழியில், ஒரு பெல்ஜியம் கண்ணாடிக்குக் கீழே அது நின்றது. ஐயா ரங்கூனில் கடை வைத்திருந்த காலத்தில் தேக்கு மரத்தோடு கப்பலேறி வந்ததாம். வீட்டில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. அப்பத்தா அதன் மேல் வெள்ளித் தட்டுகளை அடுக்கிவைப்பார். பெரியவர்கள் தூங்குகிற மத்தியான வேளையில் பிள்ளைகள் நாங்கள் போய் மூடியைத் திறந்து ஒவ்வொரு கட்டையாக அழுத்துவோம். தந்தியை அடிக்கும் சுத்தியலின் நுனியில் கம்பளி இருக்கும். அதைப் பூச்சி தின்றுவிட்டதால் வெறும் மரம் தந்தியில் மோதி 'டொக் டொக்' என்று கேட்கும். பியானோ என்றால் அப்படித்தான் சத்தம் போடும் என்று இருபத்து நான்கு வயது வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

1979-ல் கணக்கு வேலைக்குச் சிங்கப்பூர் போனேன். எங்கள் சின்ன ஐயா மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கியில், அதாவது செட்டியார்கள் கொடுக்கல் வாங்கல் நடத்திய கட்டடத்தில், பெட்டியடியில் உட்கார்ந்திருந்த ஊர் அது. போன இரண்டாவது வாரம், வெள்ளிக்கிழமை சாயங்காலம், மேலாளர் ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிப் போனார். கூடத்து வாசலில் கால் வைத்ததும் உள்ளேயிருந்து பியானோ கேட்டது. தண்ணீரில் கை அளைகிற மாதிரி ஒரு சத்தம். எங்கள் வீட்டில் நிற்பதும் இதே வாத்தியம்தான் என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

வாசித்தவர் ஒரு பிலிப்பினோ. அந்தக் காலத்தில் ஆசியா முழுக்க ஹோட்டல் கூடங்களில் பாடியவர்களிலும் வாசித்தவர்களிலும் அந்த நாட்டுக்காரர்கள் ஏராளம். ஐம்பது வயது இருக்கும். தேய்த்து மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பியானோவின் மேல் ஒரு கண்ணாடிக் கோப்பை. வந்து உட்கார்ந்ததும் தன் பையிலிருந்தே ஒரு டாலர் நோட்டை எடுத்து அதில் போடுவார். போணி! நம் ஊர்க் கடைக்காரர்களுக்குத் தெரியாததா இது.

அதற்கப்புறம் ஏறக்குறைய நான்கு வருடம், வெள்ளிக்கிழமை எட்டரை மணிக்கு அங்கேதான் இருப்பேன். ஓர் எலுமிச்சை ஜூஸ் வாங்கி வைத்துக்கொண்டு, அவர் கை தெரிகிற மேஜையில். நான் குடிக்கிறவன் இல்லை என்பது அங்கே யாருக்கும் ஒரு பொருட்டாக இருந்ததில்லை.

அவரிடம் பார்த்ததைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரிய பியானோவின் மூடியைத் தூக்கி நிறுத்த நீளக் கோல் ஒன்று உண்டு, குட்டைக் கோல் ஒன்று உண்டு. அவர் குட்டைக் கோலைத்தான் வைப்பார். மூடி அரைவாசி திறந்தால் போதும், சத்தம் அதிகம் வெளியே வராது. பக்கத்து மேஜையில் சிரிப்பும் பேச்சும் உயர்ந்தால் போட்டிக்கு ஓங்கி அடிக்க மாட்டார். வலது கையை மேல் ஸ்தாயிக்குக் கொண்டுபோய்விடுவார். மனிதக் குரல் நடு ஸ்தாயியில் இருக்கிறது, அதோடு போய் மோதக் கூடாது என்று பின்னால் ஒருநாள் எனக்குச் சொன்னார். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குகிற இடம் தெரியாது. நடுவில் நிறுத்தினால் பேசிக்கொண்டிருப்பவர்களுக்குத் தங்கள் குரலே திடீரென்று பெரிதாகக் கேட்டுவிடும், கூச்சம் வந்துவிடும். அதனால் இடது கை அடுத்த பாட்டின் சுருதிக்கு முன்கூட்டியே நடக்கத் தொடங்கிவிடும். யாராவது பாட ஆசைப்பட்டு எழுந்து வந்தால், அவர் பேசுகிற குரலை வைத்தே எத்தனை கட்டையில் பாடுவார் என்று கண்டுபிடித்து அதற்கு மாறிவிடுவார். எதிரே தாள் கிடையாது. எல்லாம் தலைக்குள்.

எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் நம் கல்யாண வீட்டு நாகஸ்வரக்காரர் ஞாபகம் வரும். வளவில் உட்கார்ந்து அற்புதமாக ஒரு ராகத்தை விரித்துக்கொண்டிருப்பார். திருப்பூட்டும் நேரம், அதாவது தாலி கட்டும் நேரம், என்று யாரோ ஒருவர் விரலை ஆட்டுவார். அந்தக் கணத்தில் ராகத்தை விட்டுவிட்டுக் கெட்டிமேளத்துக்குப் போவார். காதும் கையும் வாத்தியத்தில், கண் முழுக்க வளவில். இவர்களைச் சும்மா பின்னணிக்கு வாசிக்கிறவர்கள் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். முக்கால் மணி நேரம் வாசித்தால் கால் மணி நேரம் அவருக்கு ஓய்வு. ஒருநாள் அந்த ஓய்வில் என் மேஜைக்கு வந்து எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். உங்கள் ஊர்ப் பாட்டு ஒன்று பாடு என்றார். எனக்குச் சட்டென்று வாயில் வந்தது எங்கள் பாட்டி, ஆயா என்போம், பாடுகிற தாலாட்டு. நகரத்தார் என்கிற எங்கள் செட்டியார் வீடுகளில் தாலாட்டுக்குப் பஞ்சமே இல்லை, மணிக்கணக்கில் பாடுவார்கள். ஆராரோ ஆரிரரோ என்று முதல் இரண்டு அடியை முனகினேன். லேசாக நீலாம்பரி ராகத்தின் சாயல் அடிக்கும். அவர் மேஜை விளிம்பிலேயே விரலை ஓட்டிப் பார்த்தார். இன்னொரு தரம் என்றார். முனகினேன்.

போய் உட்கார்ந்து வாசித்தார். எல்லாம் வந்தது, ஓர் இடம் தவிர. 'ஆரிரரோ'வில் ஆயா குரலை இழைத்துக் கீழே இறக்குவார். பியானோவில் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக வழி இல்லை. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் எதுவும் கிடையாது. வீணையில் தந்தியை இழுக்கலாம், இதில் இழுக்க முடியாது. அவர் நாலைந்து முறை முயன்றார். அப்புறம் பக்கத்துக் கட்டையை ஒரு நொடி தொட்டு, அது அடங்குவதற்குள் சரியான கட்டைக்கு விரலைச் சறுக்கவிட்டார். இரண்டும் ஒன்றோடொன்று உரசி, குரல் இழைகிற மாதிரியே கேட்டது. நான் ஊரை விட்டு வந்து அப்போது ஏழு மாதம். கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் வாசலில் நுழைகிறேன், வேறு ஏதோ ஓர் ஆங்கிலப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. என்னைப் பார்த்தார். பாட்டு நிற்கவில்லை, தாளம் மாறவில்லை, அதற்குள்ளேயே என் ஆயாவின் தாலாட்டு நான்கு அடி வந்துபோனது. கூடத்தில் வேறு யாருக்கும் தெரியாது. அதன் பிறகு ஒரு வெள்ளிக்கிழமைகூட அவர் அதைத் தவறவிட்டதில்லை. வழக்கமாக வருகிற ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு பாட்டு வைத்திருந்தார் என்பது போகப் போகத்தான் தெரிந்தது.

பியானோ என்ற பெயரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1700-ஐ ஒட்டிய வருடங்களில் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்தில் பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி என்பவர் இதைச் செய்தார். அதற்கு முன்னால் இருந்த ஹார்ப்சிகார்டு என்ற வாத்தியத்தில் விரலை எப்படி அழுத்தினாலும் ஏறக்குறைய ஒரே சத்தம்தான். இவருடையதில் மெல்லத் தொட்டால் மெல்லவும், ஓங்கித் தட்டினால் பலமாகவும் கேட்டது. அதனால் 'பியானோ எ ஃபோர்த்தே' உள்ள வாத்தியம் என்றார்கள். பியானோ என்றால் மெல்ல, ஃபோர்த்தே என்றால் பலமாக. நாளடைவில் பெயரில் 'மெல்ல' மட்டும் தங்கிவிட்டது. உள்ளே சுமார் 230 தந்திகள், பெரிய பியானோவில் அவற்றின் இழுவிசை எல்லாம் சேர்ந்து 20 டன் அளவுக்கு வரும். அவ்வளவு பலத்தைக் கையில் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க மெல்லவே வாசிக்கிறவர் என் பியானோக்காரர்.

சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் ஹோட்டல் 1887-ல் தொடங்கியது. பினாங்கில் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் 1885-ல், ரங்கூனில் ஸ்ட்ராண்ட் 1901-ல். மூன்றையும் நடத்தியவர்கள் சார்க்கீஸ் சகோதரர்கள் என்ற ஆர்மீனியர்கள். அந்த மூன்று ஊரிலும் நம் ஆட்களுக்குக் கடை இருந்தது. எங்கள் ஐயா அந்த ஹோட்டல் பக்கம் போனதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆனாலும் ரங்கூன் தெருவில் சாயங்காலம் நடந்து போகையில் எங்கிருந்தோ காதில் விழுந்த சத்தம்தான் அவரைப் பியானோ வாங்க வைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் நாட்டில் இந்தச் சங்கீதத்துக்குக் கொல்கத்தாவின் பார்க் ஸ்ட்ரீட் இருந்தது. டிரின்காஸ், மொகாம்போ, புளூ ஃபாக்ஸ் என்று வரிசையாக உணவகங்களில் ராத்திரி வாத்தியம் கேட்ட தெரு. ஜாஸ் பியானோ கலைஞர் லூயிஸ் பேங்க்ஸ் புளூ ஃபாக்ஸில் வாசித்தவர். அதற்கும் முன்னால் டெடி வெதர்ஃபோர்டு என்ற அமெரிக்கக் கறுப்பினப் பியானோ கலைஞர் பம்பாயிலும் கொல்கத்தாவிலும் பெரிய ஹோட்டல்களில் வாசித்து, 1945-ல் கொல்கத்தாவிலேயே காலரா கண்டு இறந்துபோனார். நம் பக்கம் இது வேர்விடவில்லை. சென்னை மவுண்ட் ரோட்டில் பியானோ விற்கிற மியூசி மியூசிக்கல் 1842-லிருந்து இருக்கிறது, வாத்தியத்துக்குக் குறைவில்லை. ஆனால் 1937-ல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-ல் மாகாணம் முழுக்க வந்து, 1971 வரைக்கும் நீடித்தது. பார் இல்லாதபோது அதில் வாசிக்கப் பியானோக்காரர் எங்கிருந்து வருவார்? மதுவிலக்கில் எனக்கு வருத்தமில்லை. எலுமிச்சை ஜூஸ் குடித்துக்கொண்டு கேட்கவும் இந்தச் சங்கீதம் பொருத்தமானதுதான் என்பது என் நான்கு வருட அனுபவம்.

எங்கள் வீட்டைப் பங்கு பிரித்தபோது பியானோவுக்குப் பதினோரு பங்குதாரர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைக்குப் போய்விட்டது. நான் அப்போது சிங்கப்பூரில் இருந்தேன். செய்தி கடிதத்தில் வந்தது. இன்றைக்கும் அந்தத் தெருப் பக்கம் போனால் ஒவ்வொரு கடையாக எட்டிப் பார்க்கிறேன்.

போன மார்கழியில் உறவினர் ஒருவரைப் பார்க்க, ஹோட்டலாக மாற்றிய ஒரு பழைய வீட்டுக்குப் போனேன். பட்டாலைக் கூடத்தில் ஒரு பியானோ, சுருதி சேர்த்தது. காரைக்குடிப் பெண் ஒருத்தி, கல்லூரியில் படிக்கிறாள், சாயங்காலம் இரண்டு மணி நேரம் வந்து வாசிக்கிறாளாம். மூடி குட்டைக் கோலில் நின்றது. வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு மூன்று பேர் மெதுவாகப் பேசிக்கொண்டு பணியாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் அவர்கள் பேச்சுக்கு மேலேயே, மேல் ஸ்தாயியில், வாசித்துக்கொண்டிருந்தாள். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. ஓய்வு வந்ததும் பக்கத்தில் போய், "ஆத்தா, எனக்காக ஒரு தாலாட்டு வாசிப்பியா?" என்றேன். முனகிக் காட்டினேன். ஒரு கையால் தேடினாள். 'ஆரிரரோ'வில் நின்றுவிட்டாள்.

"அந்த இடத்தை மட்டும் இன்னொரு தரம் பாடுங்க ஐயா" என்றாள்.

பாடினேன். அவள் விரல் பக்கத்துக் கட்டைக்குப் போனது.