மேசை நகர்ந்தபோது ஃபாரடே என்ன செய்தார்?

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

இயற்பியல் ஆசிரியராக முப்பது ஆண்டுகளுக்கும் மேல் பணியாற்றிய என்னிடம் மாணவர்கள் அதிகமாகக் கேட்ட கேள்வி, ஒளியைப் பற்றியதும் அல்ல, மின்சாரத்தைப் பற்றியதும் அல்ல. "ஐயா, பேய் உண்டா?" என்பதே அந்தக் கேள்வி. பணியில் சேர்ந்த புதிதில், "இல்லை, உட்கார்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவேன். அந்த விடையில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் கேட்ட பிள்ளைக்கு முந்தைய இரவில் என்ன நேர்ந்தது என்று ஒருமுறைகூட விசாரிக்காமல் இருந்துவிட்டேனே என்ற வருத்தம் இன்றுவரை உண்டு. விளங்காத நிகழ்வுகளை ஆராய்ந்த அறிஞர்களுள் நான் மதிக்கின்றவர்கள் எல்லோரும் அந்த விசாரணையிலிருந்துதான் தொடங்கினார்கள். அவர்களுள் சிலரைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

1853-ஆம் ஆண்டில் இலண்டன் நகரத்து வீடுகளில் ஒரு வழக்கம் காய்ச்சலைப் போலப் பரவியிருந்தது. மாலை வேளையில் நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, அதன்மேல் கைகளை வைத்துக்கொண்டு அமைதியாகக் காத்திருப்பார்கள். சிறிது நேரத்தில் மேசை ஒரு பக்கமாக நகரத் தொடங்கும். சில வேளை சுழலவும் செய்யும். இறந்தவர்களின் ஆவியே அதை நகர்த்துகிறது என்றனர் சிலர். மின்சாரம் என்றனர் வேறு சிலர். காந்த சக்தி என்று கூறியவர்களும் உண்டு. மின்சாரமும் காந்தமும் பேச்சில் வந்துவிட்டதால், 1831-இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்த மைக்கேல் ஃபாரடேயிடம் விளக்கம் கேட்டு மக்கள் வரத் தொடங்கினார்கள்.

ஃபாரடே அவர்களை எள்ளி நகையாடவில்லை. மேசையை நகர்த்துவதில் வல்லவர்கள் என்று பெயர்பெற்றவர்களும் நேர்மையில் குறை சொல்ல முடியாதவர்களுமான சிலரையே தம் சோதனைக்கு அழைத்தார். வழுவழுப்பான அட்டைகள் சிலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடையிடையே மென்மையான பசையுருண்டைகளை வைத்து ஒட்டி, அந்த அடுக்கை மேசைமேல் வைத்து, அதன்மேல் அவர்களைக் கைவைக்கச் சொன்னார். மேசை தானாக நகர்ந்து கைகளை இழுத்துச் சென்றால் அடியிலுள்ள அட்டை முந்திக்கொள்ளும், மேலட்டை பின்தங்கும். கைகள் மேசையைத் தள்ளினால் மேலட்டையே முந்தும். மேசை நகர்ந்தது. அட்டைகளை எடுத்துப் பார்த்தபோது மேலட்டைதான் முன்னே சென்றிருந்தது.

அவர் அத்துடன் நிற்கவில்லை. இரண்டு பலகைகளுக்கு நடுவே கண்ணாடி உருளைகளை வைத்து, கையின் மிகச் சிறிய நகர்வையும் பெரிதாக்கிக் காட்டும் வைக்கோல் முள் ஒன்றை அதனுடன் இணைத்தார். அந்த முள்ளைக் கைவைத்தவர்களின் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்தபோது மேசை வழக்கம்போல நகர்ந்தது. முள்ளைப் பார்த்தபடியே அவர்கள் அமர்ந்திருந்தபோது, எவ்வளவு நேரம் காத்திருந்தும் மேசை அசையவில்லை. தம் கை பக்கவாட்டில் தள்ளுகிறது என்பதைக் கண்ணால் கண்ட கணத்தில், அதுவரை தாம் அறியாமலே செய்துவந்த செயலை அவர்களே நிறுத்திக்கொண்டார்கள். அங்கே எவரும் பொய் சொல்லவில்லை. நேராகக் கீழ்நோக்கி மட்டுமே அழுத்துவதாக அவர்கள் மனப்பூர்வமாக நம்பியிருந்தார்கள். எதிர்பார்ப்பே தசையை அசைக்கும் என்ற இந்த உண்மையை வில்லியம் கார்ப்பென்டர் என்ற மருத்துவ அறிஞர் அதற்கு முந்தைய ஆண்டில்தான் பெயரிட்டு விளக்கியிருந்தார்.

எல்லா அறிஞர்களும் இத்தனை கவனமாக இருந்தார்கள் என்று சொல்வதற்கில்லை. தாலியம் என்னும் தனிமத்தை 1861-இல் கண்டறிந்த வில்லியம் குரூக்ஸ், 1870-களில் ஆவிகளோடு பேசுவதாகக் கூறியவர்களை ஆராயப் புகுந்து, அவர்கள் காட்டியவற்றை மெய்யென்றே ஏற்றுக்கொண்டார். வேதிப்பொருள் ஆய்வாளரை ஏமாற்ற முயல்வதில்லை, மனிதர்கள் முயல்வார்கள். ஆய்வுக்கூடத்தில் பெற்ற பயிற்சி மட்டும் அந்த வேறுபாட்டைக் கற்றுத் தந்துவிடாது என்பதற்கு அவருடைய வாழ்க்கை ஒரு சான்று.

இனி நம் காலத்துக்கு வருவோம். இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில், மருத்துவக் கருவிகள் செய்யும் நிறுவனம் ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் 1980-களின் தொடக்கத்தில் விக் டான்டி என்ற பொறியாளர் பணியாற்றினார். அங்கே ஆவி நடமாடுவதாகப் பேச்சு இருந்தது. ஓரிரவு தனியே வேலை செய்துகொண்டிருந்தபோது அவருக்குக் குளிர்ந்து வியர்த்தது. இனம் புரியாத அச்சம் பற்றியது. கண்ணின் ஓரத்தில் சாம்பல் நிற உருவம் ஒன்று மெல்லத் தோன்றியது. துணிந்து திரும்பிப் பார்த்தார், அது மறைந்துவிட்டது. மறுநாள், வாள்வீச்சுப் போட்டியில் கலந்துகொள்வதற்காகத் தம்முடைய மெல்லிய வாளைப் பழுதுபார்க்க எண்ணி, அதைப் பொருள்களை இறுக்கிப் பிடிக்கும் பட்டறை வைஸில் பொருத்திவிட்டு எண்ணெய் எடுக்கச் சென்றார். திரும்பி வந்தபோது, எவரும் தொடாத அந்த வாள் மேலும் கீழுமாகத் துடித்துக்கொண்டிருந்தது.

முதல் நாள் இரவு கண்டதோடு இதையும் சேர்த்து எவரும் அஞ்சி ஓடியிருக்கலாம். டான்டி வைஸைத் தரையில் மெல்ல நகர்த்திக்கொண்டே போய், வாள் எந்த இடத்தில் அதிகம் துடிக்கிறது, எங்கே அடங்குகிறது என்று பார்த்தார். அறையின் நடுவில் துடிப்பு மிகுந்தது. சுவரை நெருங்கியபோது நின்றது. அறைக்குள் ஒரு நிலை அலை, அதாவது சுவர்களுக்கிடையே இடம் மாறாமல் நின்று அதிரும் ஒலியலை, உருவாகியிருந்தது. அதன் அதிர்வெண் ஏறத்தாழ 19 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 19 அதிர்வுகள், என்று கணக்கிட்டார். மனிதச் செவி 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே கேட்பது அரிது. அதற்குக் கீழான ஒலியை நம் பாடநூல்கள் குற்றொலி என்கின்றன. புதிதாகப் பொருத்தப்பட்டிருந்த, காற்றை வெளியேற்றும் விசிறியே அதற்குக் காரணம். அதன் பொருத்தத்தை மாற்றியமைத்ததும் அலை மறைந்தது. தமக்கு நேர்ந்த அச்சமும் தோன்றிய உருவமும் அந்த அலையால் விளைந்திருக்கலாம் என்று கருதிய அவர், இந்த அனுபவத்தை 1998-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்.

"19 ஹெர்ட்ஸ்தான் பேய்" என்று பலர் அங்கேயே கதையை முடித்துவிடுகிறார்கள். இரவில் புளியமரம் கரியமிலவாயுவை வெளியிடுவதால்தான் அதன் அடியில் படுத்தவருக்கு மூச்சு முட்டுகிறது, அதையே பேய் என்றார்கள் என்று நம் ஊரில் சொல்லிவரும் விளக்கமும் இத்தகையதே. திறந்த வெளியில் ஒரு மரம் இரவில் வெளியிடும் கரியமிலவாயு ஒருவரை மூச்சடைக்கச் செய்யும் அளவுக்குச் சேர்வதில்லை. அறிவியல் சொற்களால் அமைந்திருக்கிறது என்பதற்காக ஒரு விளக்கத்தைச் சோதிக்காமல் ஏற்றால், பேயை நம்பியவருக்கும் நமக்கும் அதிக வேறுபாடு இல்லை. இலண்டன் கோல்டுஸ்மித்ஸ் கல்லூரியைச் சேர்ந்த உளவியலாளர் கிறிஸ்டோபர் ஃபிரெஞ்சும் அவருடைய குழுவினரும் குற்றொலி பற்றிய விளக்கத்தை அப்படிச் சோதித்துப் பார்த்தார்கள். அவர்கள் அமைத்த ஓர் அறையில் 79 பேர் ஒவ்வொருவராக 50 நிமிடங்கள் இருந்தனர். சிலருக்குக் குற்றொலியும் சிலருக்கு மின்காந்தப் புலமும் செலுத்தப்பட்டன; சிலருக்கு எதுவுமே செலுத்தப்படவில்லை. பலரும் விசித்திர உணர்வுகளைத் தெரிவித்தார்கள். ஆனால் எதுவும் செலுத்தப்படாதவர்களும் அதே போலத்தான் தெரிவித்தார்கள். விசித்திரமாக ஏதேனும் தோன்றக்கூடும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்ததே அதற்குப் போதுமான காரணமாகத் தெரிகிறது. 2009-இல் வெளியான இந்த முடிவு டான்டியின் வாள் துடித்ததைப் பொய்யாக்கவில்லை. எல்லாப் பேய்வீட்டுக்கும் அதையே காரணமாகச் சொல்ல முடியாது என்பதைக் காட்டுகிறது.

ஆய்வாளரின் விருப்பம் அவரையே அறியாமல் முடிவில் கலந்துவிடும் என்ற அச்சம் இத்துறையில் எப்போதும் இருந்துவந்திருக்கிறது. நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டின் ஜான்சன், 1970-களின் நடுவில் தொடங்கிய மீயுளவியல் இதழில், அதாவது மனத்தின் அசாதாரண ஆற்றல்கள் எனப்படுபவற்றை ஆராயும் இதழில், புதுமையான ஒரு முறையைக் கொண்டுவந்தார். சோதனையைத் தொடங்குவதற்கு முன்பே திட்டத்தை எழுதி அனுப்ப வேண்டும்; திட்டம் நன்றாக இருந்தால், முடிவு எதுவாயினும் கட்டுரை வெளியாகும். பின்னாளில் அந்த இதழை ஆராய்ந்தபோது, இவ்வாறு திட்டத்தை முன்பதிவு செய்யாத ஆய்வுகளில் ஏறத்தாழ 28 விழுக்காடு சோதனைகள் சாதகமான முடிவைக் காட்டியிருந்தன. முன்பதிவு செய்தவற்றில் அது 8 விழுக்காடு மட்டுமே. பொதுவான உளவியல் இதழ்கள் இந்த முறையைக் கைக்கொள்ளத் தொடங்குவதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. அறிவியல் உலகம் ஓரத்தில் ஒதுக்கிவைத்த ஒரு துறை, தன் குறையைத் தானே அளந்து பார்க்க முற்பட்டது எனக்கு மிகுந்த மதிப்பைத் தருகிறது.

நமக்கு அணுக்கமானவர் டாக்டர் ஆபிரகாம் கோவூர். கேரளத்தில் 1898-இல் பிறந்து, இலங்கையில் தாவரவியல் ஆசிரியராக வாழ்ந்தவர் அவர். கல் விழுகிறது, துணி தானாகத் தீப்பற்றுகிறது என்று கலங்கிய வீடுகளுக்குச் சென்று, அங்கே உள்ளவர்களோடு பொறுமையாகப் பேசுவார். அந்த வீட்டிலேயே சொல்ல முடியாத துயரத்தோடு இருந்த ஒருவரே அதைச் செய்திருப்பது பலமுறை தெரியவந்தது. அவரைக் காட்டிக்கொடுத்துத் தண்டிக்கச் செய்வதைவிட, அவருடைய மனத்துயரைத் தீர்ப்பதிலேயே கோவூர் அக்கறை காட்டினார்.

உறக்கத்தில் மார்பின்மேல் ஏதோ ஏறி அமர்ந்து அமுக்கியது, கண் விழித்தும் கையை அசைக்க முடியவில்லை, கூவவும் முடியவில்லை என்று நேயர்களுள் சிலர் உணர்ந்திருக்கக்கூடும். நம் பாட்டிமார் அதை அமுக்குவான் என்றார்கள். கனவு காணும் உறக்க நிலையில் நம் தசைகளை மூளை தளர்த்தி வைக்கிறது. அந்தத் தளர்ச்சி நீங்குவதற்கு முன்பே விழிப்பு வந்துவிட்டால், கனவின் உருவங்கள் விழித்த கண்ணுக்கு முன்னே சிறிது நேரம் நீடிக்கும். உங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு காலையில் இதைச் சொன்னால், விளக்கத்தைப் பிறகு சொல்லுங்கள். மல்லாந்து படுத்திருந்தாயா, இரவு எத்தனை மணிக்கு உறங்கினாய், எந்தப் பக்கம் நிழல் தெரிந்தது என்று முதலில் கேளுங்கள். பிறரிடம் சொல்லிச் சொல்லி நினைவு மாறிவிடுவதற்கு முன்பு, அதை ஒரு தாளில் தேதியோடு எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

நன்றி. வணக்கம்.