மணலில் இருந்து சாலைக்கு: பேட்டரி இன்ஃப்ளேட்டர் நான்கு டயருக்கும் தாங்குமா?

[காட்சி: சாம் மணற்குன்றுகள், தார்ச்சாலை ஓரத்தில் நிற்கும் மகிந்திரா ‘தார்’ ஜீப்]

வணக்கம். ஜெய்சால்மரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சாம் மணற்குன்றுகளில் வண்டியை இறக்குவதற்கு முன், 32 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) அளவில் இருக்கும் டயர் காற்றை 16 வரை குறைத்துக்கொள்வது வழக்கம். காற்று குறைந்த டயர் நீளவாக்கில் படர்ந்து எடையை அதிகப் பரப்பில் தாங்குவதால், சக்கரம் மணலைத் தோண்டிப் புதையாமல் அதன் மேலேறிச் செல்கிறது. ஆனால் அதே டயருடன் தார்ச்சாலையில் வேகமெடுத்தால், பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறிக் கிழிந்துவிடக்கூடும். எனவே சாலையைத் தொட்டவுடன் காற்றை நிரப்பியாக வேண்டும்.

அதற்கு உதவுவது பேட்டரி இன்ஃப்ளேட்டர், அதாவது பேட்டரியில் ஓடும் சிறு காற்றடிக்கும் கருவி. அதன் பெட்டியில் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும் 150 பிஎஸ்ஐ என்ற உச்ச அழுத்த எண்ணை மறந்துவிடுங்கள்; நமக்கு வேண்டியது 32 மட்டுமே. பார்க்க வேண்டியவை, நிமிடத்திற்கு எத்தனை லிட்டர் காற்றைத் தள்ளுகிறது என்பதும், பேட்டரியில் எத்தனை வாட்-ஹவர் (சேமிக்கப்பட்ட மின்னாற்றலின் அளவு) இருக்கிறது என்பதும்தான்.

[காட்சி: டயரின் பக்கச்சுவரில் 255/65 ஆர்18 என்ற எழுத்து]

இந்த அளவுள்ள டயருக்குள் சுமார் 70 லிட்டர் இடம் இருக்கிறது. ஒரு வளிமண்டல அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ; டயரின் அழுத்தம் அந்த அளவு உயர 70 லிட்டர் வெளிக்காற்று உள்ளே போக வேண்டும். ஆகையால், 16-இலிருந்து 32-க்கு உயர்த்த ஏறத்தாழ 76 லிட்டர் வெளிக்காற்றை உள்ளே திணிக்க வேண்டும். நான்கு டயருக்கும் சேர்த்து 300 லிட்டருக்கு மேல். நிமிடத்திற்கு 15 லிட்டர் தள்ளும் கருவி ஒரு டயருக்கு ஐந்து நிமிடம் எடுக்கும். இத்தகைய சிறு கருவிகளில் மின்னாற்றலின் பெரும்பகுதி வெப்பமாகவே வீணாவதால், டயருக்கு 8 முதல் 10 வாட்-ஹவர் என்று நான் கணக்கு வைத்துக்கொள்கிறேன். சட்டைப்பையில் அடங்கும் 25 வாட்-ஹவர் கருவி மூன்றாவது டயரிலேயே மூச்சுவாங்கும். 18 வோல்ட், 5 ஆம்பியர்-ஹவர் பேட்டரி, அதாவது 90 வாட்-ஹவர், நான்கையும் நிரப்பிய பிறகும் மீதம் வைத்திருக்கும். (விமானத்தில் வருவோருக்கு ஒரு செய்தி: 100 வாட்-ஹவருக்குள் இருக்கும் உதிரிப் பேட்டரியைக் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும்.)

[காட்சி: வால்வில் திருகப்பட்ட பித்தளை முனை, மிக அருகில்]

காற்று அழுத்தப்படும்போது சூடாகும். இரண்டாவது டயர் முடிந்ததும் இந்தப் பித்தளை முனையை வெறும் விரலால் கழற்ற முயன்றால் கை பின்வாங்கிவிடும். கிழிந்த பனியன் துணி ஒன்றை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு டயர்களுக்கு இடையே கருவிக்கு ஓய்வு கொடுங்கள். வெயிலில் கிடந்து காய்ந்த பேட்டரி, சார்ஜ் இருந்தும், தன்னைப் பாதுகாத்துக்கொள்ள நின்றுவிடலாம். கருவியை மணலில் வைத்தால் அது காற்றோடு மணலையும் இழுக்கும் என்பதால், கால்மிதியை விரித்து அதன் மேல் வையுங்கள்.

கருவி ஓடிக்கொண்டிருக்கும்போது திரையில் தெரிவது குழாயினுள் இருக்கும் அழுத்தம். டயருக்குள் இருப்பது அதைவிடச் சற்றுக் குறைவு. நிறுத்திவிட்டுப் படிப்பதே சரி. அதுவும் இறுதி அளவல்ல. மணலில் உழைத்துச் சூடான டயரின் வெப்பம் இரவுக்குள் 30 பாகை செல்சியஸ் இறங்கினால் அழுத்தமும் 4 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கும். ஆகவே மறுநாள் காலையில், வண்டியை எடுப்பதற்கு முன், குளிர்ந்த டயரில் மீண்டும் அளந்து குறைவதை நிரப்பிக்கொள்ளுங்கள். பேட்டரியில் மீதம் இருக்க வேண்டியது அதற்காகத்தான்.