பிடித்து நிறுத்துவது வீடல்ல, வளாகம்தான்!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

அமெரிக்காவில் லத்தீனாக்களின், அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண்களின், முனைவர் பட்டத்துக்குக் குறுக்கே நிற்பது வீடா, பல்கலைக்கழகமா? இதுதானே கேள்வி? ‘வீடுதான்’ என்று அடித்துச் சொல்லிவிட்டு அமர்ந்தார் எதிரணித் தோழி. தம்பியைப் பார், பாட்டியைப் பார் என்று பெண்ணை இழுத்துப் பிடிக்கிறதாம் குடும்பம்.

கலிபோர்னியாவில் எலன் ஓச்சோவாவின் வீட்டுக்கு வாருங்கள் அம்மா. ஐந்து பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே, ஒவ்வொரு பாடமாக எடுத்துப் படித்தவர் அவருடைய தாய். மகள் பட்டம் வாங்கிய பிறகுதான் அவர் கைக்கே பட்டம் வந்தது! அந்த வீடா தடுத்தது? மின்பொறியியல் படிக்கலாமா என்று துறையில் போய் விசாரித்த மகளிடம், ‘முன்பு ஒரு பெண் வந்தாள், ஆனால் இது கஷ்டமான படிப்பாச்சே’ என்ற தோரணையில் பேசியவர் ஒரு பேராசிரியர். அவர் என்ன, ஓச்சோவாவுக்குச் சித்தப்பாவா? ஓச்சோவா இயற்பியலுக்குப் போனார். 1985இல் ஸ்டான்போர்டில் அதே மின்பொறியியலில் முனைவர் ஆனார். 1993இல் விண்வெளிக்கே போய்விட்டார்.

அடுத்து எழுத்தாளர் க்ளோரியா அன்சால்டுவா. டெக்சஸ் எல்லையோரப் பண்ணைக் குடும்பம். தம்பிகளின் சட்டைக்கு இஸ்திரி போடாமல் படித்துக்கொண்டிருந்தால் சோம்பேறிப் பட்டம் கிடைக்கும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் திட்டு வாங்கிக்கொண்டே எம்.ஏ. முடித்தாரே! கல்லூரி என்ன செய்தது தெரியுமா? மெக்சிக வம்சாவளி மாணவர்கள் எல்லோரும் உச்சரிப்பைக் கழுவிக்கொள்ள இரண்டு பேச்சு வகுப்பு கட்டாயம். 1970களில் ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு முனைவர் ஆய்வுக்குப் போனார். சிகானா இலக்கியமா, அதாவது மெக்சிக வம்சாவளி அமெரிக்கப் பெண்களின் எழுத்தா, அது ஆய்வுக்கு உரியதே இல்லை என்றார்கள். வெளியேறி அவர் எழுதியவை பிறகு பல்கலைக்கழகங்களிலேயே பாடமாயின. கலிபோர்னியாவில் மறுபடி சேர்ந்தவர், முடிக்குமுன் 2004இல் சர்க்கரை நோயால் இறந்தார். பட்டம் இறந்தபின் வந்தது. நோய்க்கும் பல்கலைக்கழகமா பொறுப்பு என்பீர்கள். இல்லை. ஆனால் ஆஸ்டினில் ‘சரி’ என்றிருந்தால், கையில் வாங்கியிருப்பார்.

வேலை கிடைத்தவர்களாவது நிம்மதியா? துறையில் இருப்பதே ஒரு லத்தீனா என்றால், பன்முகத்தன்மைக் கமிட்டியா, கூப்பிடு அவரை. லத்தீனா மாணவி அழுகிறாளா, அனுப்பு அவரிடம். டென்யூர் என்கிற நிரந்தரப் பணிக்குக் கோப்பு போகும்போது மட்டும், ‘ஆய்வுக் கட்டுரை எத்தனை?’ அந்தக் கோப்பில் கையெழுத்துப் போடுவது பாட்டியல்ல, நடுவர் அவர்களே. தீர்ப்பை எங்கள் பக்கம் தாருங்கள். நன்றி, வணக்கம்.