வீட்டுக் கணினி: விண்டோஸா, மேக்கா, லினக்ஸா என்று கேட்பதற்கு முன்

வணக்கம். வீட்டுக்குக் கணினி வாங்கப் போகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, எந்த இயங்குதளம், அதாவது கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள், விண்டோஸா, மேக்கா, லினக்ஸா என்பதைத்தான். அதற்கு விடை உண்டு. ஆனால் ஒரு கணினியின் வேகத்தை எது தீர்மானிக்கிறது, அதன் ஆயுளை எது தீர்மானிக்கிறது என்ற இரண்டும் புரிந்துவிட்டால், அந்த விடை பெரும்பாலும் தானாகவே கிடைத்துவிடும்.

[திரையில்: பழைய மடிக்கணினி ஒன்றில் திறந்திருக்கும் டாஸ்க் மேனேஜர்]

இந்த மடிக்கணினியை இப்போதுதான் ஆன் செய்திருக்கிறோம். சிபியு, அதாவது கணினியின் மூளையான பிராசஸர், எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் பத்தியைப் பாருங்கள்; பத்து சதவீதத்தைக்கூட எட்டவில்லை. பக்கத்தில் டிஸ்க் என்ற பத்தியோ 100 சதவீதத்திலேயே நிற்கிறது. அதாவது, பிராசஸர் வேலையின்றிக் காத்துக்கொண்டிருக்கிறது. கோப்புகளைச் சேமித்து வைக்கும் ஹார்ட் டிஸ்க் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கினுள் சுழலும் தட்டின் மேல் ஒரு சிறு முனை அங்குமிங்கும் நகர்ந்துதான் தகவலைப் படிக்கிறது. ஒருமுறை இடம் மாறிப் படிக்க ஏறக்குறைய 10 மில்லி விநாடி ஆகும். கேட்பதற்குச் சொற்பமாகத் தோன்றினாலும், கணினி தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடிப் படிக்க வேண்டியிருப்பதால், அந்தச் சொற்பம்தான் நிமிடக்கணக்கில் திரண்டு நம்மைக் காக்க வைக்கிறது. அதற்கு மாற்றாக வரும் எஸ்எஸ்டி என்ற சேமிப்பகத்தில் நகரும் பாகமே கிடையாது. அதே தேடல் 0.1 மில்லி விநாடியிலோ அதற்கும் குறைவாகவோ முடிந்துவிடும். எனவே, பழைய கணினி மெதுவாகிவிட்டது என்று அதைக் கழித்துக்கட்டும் முன், கோப்புகளை நகலெடுத்து வைத்துக்கொண்டு, ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டியைப் பொருத்திப் பாருங்கள் என்று நான் வற்புறுத்தியே சொல்வேன்.

அடுத்தது ரேம், அதாவது திறந்திருக்கும் வேலைகளைக் கணினி தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகம். இணையம், காணொளி, கடிதம், கணக்கு இவற்றுக்கு 8 ஜிபி போதும். பிரவுசரில் பல பக்கங்களைத் திறந்து வைத்தபடியே வீடியோ அழைப்பும் பேசுகிறவர்கள் 16 ஜிபி வாங்குவது நல்லது. மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் மதர்போர்டோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கும். ஆப்பிளின் எம் வரிசைச் சிப் கொண்ட மேக்குகளிலும் பின்னால் ரேம் கூட்ட முடியாது. ஆகவே, எவ்வளவு வேண்டும் என்பதை வாங்கும் நாளிலேயே முடிவு செய்தாக வேண்டும்.

பிராசஸரைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. இன்டெல் நிறுவனத்தின் பழைய தலைமுறை ஐ7-ஐ விடப் புதிய தலைமுறை ஐ3 வேகமாக இருப்பதுண்டு என்பதால், ஸ்டிக்கரில் உள்ள பெயரை மட்டும் பார்க்காமல் தலைமுறையையும் பாருங்கள்.

[திரையில்: 2025 அக்டோபர் 14]

இனி ஆயுள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு இந்த நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி தேவை. இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்க வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ கணினிகள், பழுது எதுவும் இல்லாமலேயே, இந்த விதியால் வெளியே நிறுத்தப்பட்டன. பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது ஆபத்து.

இந்தக் கணக்கு மற்ற இயங்குதளங்களுக்கும் உண்டு. இன்டெல் சிப் உள்ள மேக்குகளுக்கு மேக் ஓஎஸ் 26-தான் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் 2025-இல் அறிவித்துவிட்டது; ஆகவே விலை குறைவு என்பதற்காகப் பழைய இன்டெல் மேக்கை வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கூகுளின் குரோம் ஓஎஸ்ஸில் ஓடும் மடிக்கணினியான குரோம்புக்குக்குப் பத்தாண்டு புதுப்பிப்பு என்பார்கள். அந்தப் பத்தாண்டு நாம் வாங்கிய நாளிலிருந்து தொடங்குவதில்லை, அதன் வன்பொருள் தளம் வெளிவந்த காலத்திலிருந்தே தொடங்குகிறது.

தேர்வு என்று வரும்போது, அலுவலகமோ பள்ளியோ குறிப்பிட்ட மென்பொருளைக் கேட்டால் அது எதில் ஓடுமோ அதையே வாங்குங்கள். அங்கே விவாதத்துக்கு இடமில்லை. அப்படிக் கட்டாயம் ஏதும் இல்லாமல், பிரவுசரிலேயே பொழுது போகிறது என்றால், விண்டோஸ் 11 ஏற்காத அந்தப் பழைய கணினிக்கே லினக்ஸின் வகைகளான லினக்ஸ் மிண்ட் அல்லது உபுண்டு மறுவாழ்வு தரும். உபுண்டுவின் எல்டிஎஸ் எனப்படும் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கு ஐந்து ஆண்டுகள் புதுப்பிப்பு உண்டு. லினக்ஸில் ஓடும் இலவச அலுவலக மென்பொருளான லிப்ரே ஆபீஸ், வேர்டு கோப்புகளைத் திறக்கும்; ஆனால் அட்டவணையும் படங்களும் நிறைந்த பக்கங்களில் அமைப்பு சற்றுக் கலையலாம்.

[திரையில்: பென் டிரைவ் செருகப்படுகிறது]

லினக்ஸை நிறுவாமலேயே, ஒரு பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். கணினியில் உள்ள எதுவும் மாறாது. வைஃபை இணைகிறதா, ஒலி வருகிறதா, பிரிண்டரில் ஒரு பக்கம் அச்சாகிறதா என்று பாருங்கள். பிறகு மூடியைச் சாத்தி, ஐந்து நிமிடம் கழித்துத் திறங்கள். திரை உடனே ஒளிர்ந்து, வைஃபையும் தானாக இணைந்துவிட்டால், அந்தக் கணினியில் லினக்ஸை நம்பி நிறுவலாம்.