வெளிச் சிக்னலில் நிற்கும் ரயில்

நேயர்களுக்கு வணக்கம்.

ரயிலில் பயணம் செய்த எவருக்கும் பழக்கமான ஓர் அனுபவத்திலிருந்து இந்த உரையைத் தொடங்குகிறேன். பல மணி நேரம் தடையின்றி ஓடிவந்த வண்டி, நாம் இறங்க வேண்டிய பெரிய நிலையத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் வந்து நின்றுவிடுகிறது. பயணிகள் மூட்டை முடிச்சுகளை எடுத்துக்கொண்டு வாசலருகே வந்து நிற்கிறார்கள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் கழிகிறது. தொலைவில் நிலையத்தின் கூரை தெரிகிறது. சிக்னல் மட்டும் சிவப்பிலிருந்து மாறவில்லை. "பிளாட்பாரம் காலியாக இல்லை போலிருக்கிறது" என்று பெட்டிக்குள் யாராவது ஒருவர் சொல்வார். பல நேரங்களில் அது சரியான கணிப்பு அல்ல. நடைமேடை காலியாகவே இருக்கும். அதை அடைவதற்கான வழியைத்தான் வேறொரு வண்டி பிடித்துக்கொண்டிருக்கும்.

நெரிசல் மிகுந்த ஒரு நிலையத்தை மேம்படுத்தப் போகிறோம் என்ற அறிவிப்பு வரும்போது, அதனுடன் வெளியாகும் படத்தில் நாம் காண்பது பெரும்பாலும் முகப்புக் கட்டடம், உயரமான கூரை, நகரும் படிக்கட்டுகள் ஆகியவைதான். அவையும் தேவையானவையே, முதியவர் ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறத் தேவையில்லாமல் போவது சிறிய காரியம் அல்ல. ஆனால் அந்த நிலையம் ஒரு மணி நேரத்தில் எத்தனை வண்டிகளை வாங்கி அனுப்ப முடியும் என்பதைத் தீர்மானிப்பது, படத்தில் இடம்பெறாத ஒரு பகுதி. பிரதான பாதைகள் பல கிளைகளாகப் பிரிந்து நடைமேடைகளை நோக்கிச் செல்லும் அந்த அரை கிலோமீட்டர் யார்டுப் பகுதியைத்தான் சொல்கிறேன். குடம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதன் வாய் குறுகியிருந்தால் நீர் அந்த வாயின் அளவுக்குத்தான் வெளியே வரும். வாயை அப்படியே விட்டுவிட்டுக் குடத்தின் வயிற்றை மட்டும் பெரிதாக்குவதில் பயன் குறைவு.

இதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம். ஒரு நிலையத்துக்குள் இரண்டு பாதைகள் வருகின்றன, உள்ளே பத்து நடைமேடைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிவிடும் அமைப்பை ரயில்வே ஊழியர்கள் பாயிண்ட் என்பார்கள். ஒரு தண்டவாளம் இன்னொன்றைக் குறுக்கே வெட்டிச் செல்லும் இடம் கிராசிங். இடப்புறப் பாதையில் வரும் வண்டி வலது ஓரத்து நடைமேடைக்குப் போக வேண்டுமானால், இடையிலுள்ள பாதைகள் அனைத்தையும் அது குறுக்கே கடந்தாக வேண்டும். அது கடந்து முடியும்வரை, இன்டர்லாக்கிங் என்ற பூட்டுமுறை அவ்வழியில் வேறு எந்த வண்டிக்கும் பச்சை விளக்குக் கிடைக்காதபடி பார்த்துக்கொள்கிறது. 1856ஆம் ஆண்டு ஜான் சாக்ஸ்பி இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற இயந்திர நெம்புகோல் முறையிலிருந்து இன்றைய மின்னணு முறைவரை, அடிப்படைத் தத்துவம் ஒன்றுதான்: முரண்படும் இரண்டு வழிகள் ஒரே நேரத்தில் திறக்கக் கூடாது.

அப்படியானால் ஒரு வண்டி அந்த வழியை எவ்வளவு நேரம் பிடித்துக்கொள்கிறது என்பதே கேள்வி. வண்டியின் நீளம் 600 மீட்டர், கடக்க வேண்டிய யார்டுப் பகுதி 400 மீட்டர் என்று கொள்வோம். வண்டியின் கடைசிப் பெட்டி விலகும்வரை மொத்தம் ஒரு கிலோமீட்டர் ஓட வேண்டும். கூர்மையாக வளையும் பழைய பாயிண்டுகளில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகம்தான் அனுமதி என்றால், அதற்கு 4 நிமிடம் ஆகும். அந்தப் பாயிண்டுகளை எடுத்துவிட்டு, மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாங்கும் நீண்ட பாயிண்டுகளைப் போட்டால் 2 நிமிடம் போதும். ஒவ்வொரு வருகையிலும் ஒவ்வொரு புறப்பாட்டிலும் இரண்டு நிமிடம் மிச்சம். புதிதாக ஒரு நடைமேடைகூடக் கட்டாமல் கிடைக்கும் இடைவெளி இது. நீண்ட பாயிண்டுக்கு நீண்ட இடம் வேண்டும் என்பதுதான் இதிலுள்ள இடர்ப்பாடு. நிலையத்தைச் சுற்றிக் கட்டடங்கள் நெருங்கிவிட்ட பிறகு அந்த இடம் எளிதில் கிடைப்பதில்லை.

வேகத்தைவிடவும் முக்கியமானது, ஒரே நேரத்தில் எத்தனை வண்டிகள் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் அசைய முடியும் என்பது. ஒரு வண்டி உள்ளே வரும்போதே இன்னொன்று வெளியே போக முடிந்தால், நிலையத்தின் திறன் ஏறக்குறைய இருமடங்காகிறது. பாதைகளைச் சமதளத்தில் மாற்றியமைத்தே ஓரளவுக்கு இதைச் சாதிக்கலாம். போக்குவரத்து மிகும்போது அது போதாது. ஒரு பாதையை இன்னொன்றின் மேலேயோ கீழேயோ கொண்டுசெல்லத்தான் வேண்டும். இங்கிலாந்தின் ரெடிங் நிலையம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. லண்டனிலிருந்து மேற்கே செல்லும் விரைவு வண்டிகளின் வழியில், தெற்கிலுள்ள துறைமுகத்திலிருந்து வரும் சரக்கு வண்டிகளும் வடக்கு–தெற்காகச் செல்லும் பயணி வண்டிகளும் அங்கே குறுக்கிட்டுக் கொண்டிருந்தன. அந்த நிலையத்தின் மறுசீரமைப்பில் ஐந்து புதிய நடைமேடைகள் சேர்க்கப்பட்டன. ஆனால் திட்டத்தின் உயிர்நாடி, நிலையத்துக்கு மேற்கே விரைவுப் பாதைகளை மற்றப் பாதைகளின் மேலாகத் தூக்கிச் சென்ற மேம்பாலம்தான். 2015 ஜனவரியில் அது பயன்பாட்டுக்கு வந்தபின், ஒருவருக்காக மற்றவர் காத்திருக்கும் நிலை அந்த இடத்தில் நீங்கியது. பயணிகளின் கண்ணில் பட்டது புதிய நடைமேடைகளும் அகன்ற நடைபாலமுமே.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் நிலையம் வேறொரு வழியைத் தேர்ந்தெடுத்தது. அதைப் பற்றிப் படித்தபோது என் பழைய நம்பிக்கை ஒன்று அசைந்தது. எந்தப் பாதையிலிருந்து வரும் வண்டியையும் எந்த நடைமேடைக்கும் கொண்டுசெல்ல முடிய வேண்டும் என்பதைத்தான் நல்ல யார்டின் இலக்கணமாக நானும் கருதிவந்தேன். ஒரு நடைமேடையில் பழுது ஏற்பட்டால் அடுத்ததற்கு மாற்றிக்கொள்ளலாம் அல்லவா? ஆனால் உட்ரெக்டில் சுமார் 200 பாயிண்டுகளை ஏறத்தாழ 60ஆகக் குறைத்தார்கள். 2016இன் இறுதியில் அந்தப் பணி நிறைவடைந்தது. ஒவ்வொரு திசைக்கும் தனிப் பாதை, தனி நடைமேடை; ஒரு திசையின் தாமதம் இன்னொரு திசைக்குத் தொற்றுவதில்லை. பாயிண்ட் என்பது அசையும் உறுப்பு. அதற்கு மோட்டார் உண்டு, பூட்டு உண்டு, மழையும் தூசியும் வெயிலும் அதைத் தாக்கும். பாயிண்ட் கூடக்கூடப் பழுதும் கூடும். குறைந்த பாயிண்டுகள் என்றால் அவற்றை நீண்டவையாகப் போட இடம் கிடைக்கும், வேகமும் கூடும். ஆயினும் இதை எல்லா நிலையங்களுக்கும் அப்படியே பரிந்துரைக்க நான் தயங்குகிறேன். சீரான இடைவெளியில், ஒரே மாதிரியான வண்டிகள் ஓடும் வழித்தடத்துக்கு அது பொருந்தும். தொலைதூர வண்டி, புறநகர் வண்டி, சரக்கு வண்டி மூன்றும் கலந்து வருகிற, மணிக்கணக்கில் தாமதமாகும் வாய்ப்பும் இருக்கிற நிலையத்தில், சில மாற்றுவழிகளை வைத்துக்கொள்வது அவசியம். எந்த மாற்றுவழி உண்மையில் பயன்படுகிறது, எது வெறும் பழக்கத்தால் கிடக்கிறது என்பதைப் பல மாத இயக்கப் பதிவுகளை வைத்து முதலில் கண்டறிய வேண்டும். வரைபட மேசையில் மட்டும் உட்கார்ந்து முடிவெடுக்கக் கூடிய விஷயம் அல்ல இது.

வண்டி அங்கேயே முடிகிறதா, கடந்து செல்கிறதா என்பதும் கணக்கைத் தலைகீழாக மாற்றும். கடந்து செல்லும் வண்டி இரண்டு நிமிடத்தில் நடைமேடையைக் காலி செய்துவிடும். முனையத்தில் வந்து முடியும் வண்டியோ பயணிகளை இறக்கி, மறுமுனைக்கு இயந்திரத்தை மாற்றி, பிரேக் சோதனை முடித்து, அதே குறுகிய வாயின் வழியாகவே திரும்பிப் போக வேண்டும்; சுத்தம் செய்வதற்குப் பணிமனைக்குச் செல்லும் காலி வண்டி என்றால், அந்த வாயை அது இன்னும் இரண்டு முறை பயன்படுத்துகிறது. லண்டன் பிரிட்ஜ் நிலையத்தின் மறுகட்டுமானம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. அங்கே முன்பும் 15 நடைமேடைகள், இப்போதும் 15 நடைமேடைகள். முன்பு ஒன்பது முனைய நடைமேடைகளும் ஆறு கடந்துசெல்லும் நடைமேடைகளும் இருந்தன. அவற்றை ஆறு முனையம், ஒன்பது கடப்பு என்று மாற்றினார்கள். அருகிலுள்ள பெர்மான்ஸியில் ஒரு பாதையை மற்றொன்றின் அடியில் செலுத்தும் அமைப்பையும் உருவாக்கினார்கள். எண்ணிக்கையில் ஒன்றும் கூடவில்லை. ஆனால் நகரை ஊடுருவிச் செல்லும் வண்டிகளுக்கு வழி பிறந்தது.

பயணிகள் தரப்பில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். நடைமேடையின் ஒரே முனையில் படிக்கட்டு இருந்தால், கூட்டம் முழுவதும் அந்த முனையிலுள்ள பெட்டிகளில்தான் ஏறும். ஏறி இறங்கும் நேரம் நீளும். பின்னால் வரும் வண்டி வெளிச் சிக்னலில் நிற்கும். ஆகவே படிக்கட்டின் இடமும் நடைமேடையின் அகலமும் கட்டடக் கலைஞரின் விருப்பத்துக்கு மட்டும் உரியவை அல்ல, வண்டி இயக்கத்தின் பகுதிகள் அவை.

இனி, என் மனத்தில் மிகுந்த கனத்துடன் இருக்கும் பகுதிக்கு வருகிறேன். இவ்வளவு வேலையையும் ஓடிக்கொண்டிருக்கும் நிலையத்தில் செய்தாக வேண்டும். பழைய யார்டிலிருந்து புதிய யார்டுக்கு ஒரே தாவலில் போய்விட முடியாது. ஐந்து கட்டம், பத்து கட்டம் என்று இடைக்கால அமைப்புகள் வரும். சில மாதங்களே இருக்கப் போகிற அமைப்பானாலும், ஒவ்வொரு கட்டமும் அதற்குரிய பாயிண்ட், சிக்னல், மின்கம்பி, இன்டர்லாக்கிங் எல்லாம் கொண்ட முழுமையான ரயில்பாதைதான். ஜப்பானின் ஷிபுயா நிலையத்துக்கு அருகே 2013 மார்ச் 15ஆம் நாள் இரவு, கடைசி வண்டி போனபின், சுமார் 1,200 பணியாளர்கள் சேர்ந்து மேம்பாலத்தில் ஓடிய டோயோகோ வழித்தடத்தை நிலத்தடிப் பாதையுடன் இணைத்து, விடியலில் முதல் வண்டியை விட்டார்கள். அந்தச் சில மணி நேரத்தைப் பலரும் வியந்து பேசுகிறார்கள். நான் மதிப்பது அதற்கு முந்தைய ஆண்டுகளை: ஓடும் பாதைக்கு அடியிலேயே புதிய பாதையைக் கட்டிவைத்து, இரவில் செய்ய வேண்டிய வேலையைக் குறைத்துக்கொண்டே வந்த பொறுமையை.

திட்டமிட்ட நேரம் போதாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு, 2014 டிசம்பர் 27ஆம் நாள் லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தை அணுகும் பாதையில் நடந்த பணி சாட்சி. வேலை முடியாததால் வண்டிகள் சிறிய ஃபின்ஸ்பரி பார்க் நிலையத்தில் திருப்பப்பட்டன. அங்கே கூட்டம் தாங்காமல் வாசலை மூட வேண்டியதாயிற்று. அன்று நேர்ந்தது அவதி மட்டுமே. சிக்னல் வேலையில் பிழை நேர்ந்தால் உயிர்களே போகின்றன.

1988 டிசம்பர் 12ஆம் நாள் லண்டனின் கிளாப்பம் சந்திப்புக்கு அருகே வண்டிகள் மோதி 35 பேர் இறந்தார்கள். அந்தப் பகுதியின் சிக்னல் அமைப்பைப் புதுப்பித்துக்கொண்டிருந்தபோது, நீக்க வேண்டிய பழைய கம்பி ஒன்று முழுமையாக வெட்டப்படாமல், முனை மூடப்படாமல் விடப்பட்டது. பின்னர் பக்கத்தில் நடந்த வேலையில் அது அசைந்து பழைய இணைப்பைத் தொட்டது; சிவப்புக் காட்ட வேண்டிய சிக்னல் காட்டவில்லை. கம்பியைக் கையாண்ட தொழில்நுட்பப் பணியாளர் முந்தைய 13 வாரங்களில் ஒரே ஒரு நாள்தான் விடுப்பில் இருந்திருந்தார். கம்பிகளை இன்னொருவர் தனியாக எண்ணிச் சரிபார்க்கவும் இல்லை. 2017 ஆகஸ்ட் 15ஆம் நாள், அதே வழித்தடத்தின் முனையமான வாட்டர்லூவில் நடைமேடைகளை நீட்டிக்கும் பணி நடந்தபோது, பதிவில் இல்லாத ஒரு கம்பி மாற்றத்தால் ஒரு பாயிண்ட் தவறான நிலையில் இருப்பது தெரியாமல் போய், புறப்பட்ட வண்டி, பணிக்காக நிறுத்தியிருந்த வண்டியின்மேல் மோதியது. நல்வாய்ப்பாக உயிரிழப்பு இல்லை. 2023 ஜூன் 2ஆம் நாள் ஒடிசாவின் பஹானாகா பஜாரில் அந்த நல்வாய்ப்பு இருக்கவில்லை. பிரதான பாதைக்குப் பச்சை காட்டிய சிக்னலை நம்பி வந்த கோரமண்டல் விரைவு வண்டி, லூப் எனப்படும் பக்கப் பாதைக்குள் திரும்பி, அங்கே நின்ற சரக்கு வண்டியில் மோதியது. 290க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சிக்னல் மின்சுற்றில் முன்பு செய்த மாற்றத்திலும், லெவல் கிராசிங் தடுப்பை மாற்றும் பணியிலும் நேர்ந்த குறைபாடுகளே காரணம் என்று பாதுகாப்பு ஆணையரின் விசாரணை கூறியது.

மூன்று இடங்களிலும் பூட்டுமுறையின் தத்துவம் சரியாகவே இருந்தது. அதைத் திறந்து வேலை செய்த கைகளுக்குப் போதிய ஓய்வோ, சரியான வரைபடமோ, இரண்டாவது ஆளின் சரிபார்ப்போ இல்லாமல் போனது. எனவே ஒரு நிலையத்தின் மறுசீரமைப்புக்கு நாள் குறிக்கும்போது, சோதனைக்கான மணி நேரங்களைத் தனியாக எழுதி, அவற்றைத் தொடக்கூடாத நேரமாக அறிவிக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துகிறேன். தண்டவாளம் போடும் வேலை தாமதமானால் ஈடுசெய்ய எல்லோரும் கைவைப்பது அந்த நேரத்தில்தான். அது கடைசியில் வருகிறது, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அங்கே எந்த வேலையும் நடப்பதாகத் தெரிவதும் இல்லை. அப்படி நேரம் போதாமல் போகும் விடியலில், இன்னும் நான்கு மணி நேரம் வேண்டும் என்று கேட்கும் சிக்னல் பொறியாளரிடம், தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும் அதிகாரம் படைத்த ஒருவர் பணியிடத்திலேயே இருக்க வேண்டும். வெளிச் சிக்னலில் காத்திருக்கும் பயணிகளுக்கு, வண்டி ஏன் நிற்கிறது என்பதை அதே நேரத்தில் ஒலிபெருக்கியில் சொல்லவும் ஒருவர் இருக்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.