நெட்வியூ அலெர்ட் திரை: ஃபில்டரை புரொஃபைல்ல எப்படி வைக்கிறது? (சந்தேக விளக்கம்)

அடுத்த கேள்வி, தெம்பனிஸ்ல ஒரு வங்கி டேட்டா சென்டர்ல நைட் ஷிஃப்ட் பாக்குற தம்பி அனுப்பியிருக்காரு. நெட்வியூங்கிறது மெயின்ஃபிரேம்ங்கிற பெரிய கம்ப்யூட்டரையும் அதோட நெட்வொர்க்கையும் கண்காணிக்கிற ஐபிஎம் சாஃப்ட்வேர்; கோளாறு வந்தா அலெர்ட் திரையில எச்சரிக்கை காட்டும். "அண்ணே, மெயின்ஃபிரேம்ல நெட்வியூ அலெர்ட் திரை நிறைஞ்சு வழியுது. அலெர்ட்டை மறைக்கிற எஸ்விஃபில்டர் கமாண்ட் போட்டேன், லாகாஃப் பண்ணிட்டு வந்தா காணோம். அதுக்குப் பதிலா எஸ்ஆர்ஃபில்டர் போட்டா எல்லாம் அடங்கிடும்னு ஒருத்தர் சொல்றாரு. போடலாமா?"

போடாதீங்க தம்பி. எஸ்விஃபில்டர் உங்க பார்வைக்கு மட்டும்தான். அலெர்ட் டேட்டாபேஸ்ல பத்திரமா இருக்கும், உங்க ஐடிக்குக் காட்டாது, அவ்வளவுதான். எஸ்ஆர்ஃபில்டர் பதிவுலயே கை வைக்கும். அதுல இஎஸ்ரெக்ங்கிற ஈவென்ட் பதிவு ஃபில்டர்ல தடுத்தீங்கன்னா அந்த ஈவென்ட்டே பதிவாகாது. ஏரெக்ங்கிற அலெர்ட் பதிவு ஃபில்டர்ல தடுத்தா ஈவென்ட் இருக்கும், ஆனா அலெர்ட்டா வராது. அதுவும் உங்களுக்கு மட்டும் இல்ல, காலையில வர்ற ஆளுக்கும் சேர்த்துத்தான்.

வங்கியில இது சின்ன விஷயம் இல்லீங்க. பெரிய பாதிப்பு வந்தா, கண்டுபிடிச்ச 1 மணி நேரத்துக்குள்ள சிங்கப்பூர் நாணய ஆணையத்துக்குத் தெரிவிக்கணும், 14 நாளுக்குள்ள மூல காரண அறிக்கை கொடுக்கணும். முக்கியமான சிஸ்டம் எதுவும் எந்த 12 மாசத்துலயும் மொத்தம் 4 மணி நேரத்துக்கு மேல எதிர்பாராம முடங்கக்கூடாது. எப்ப ஆரம்பிச்சுதுன்னு தேடும்போது பழைய அலெர்ட்டைக் காட்டுற அலெர்ட்ஸ்-ஹிஸ்டரி திரையில ஒண்ணுமே இல்லன்னா என்னத்தை எழுதுவீங்க? அதனாலதான் எஸ்ஆர்ஃபில்டர் அதிகாரம் ஷிஃப்ட் லீட் அளவுலயே நிக்கணும்னு நான் பிடிவாதமா சொல்றது.

சரி, உங்க ஃபில்டர் ஏன் காணாமப் போகுது? அது அந்த செஷனோட முடிஞ்சிடும். திரும்ப வரணும்னா புரொஃபைல்ல, அதாவது நீங்க லாகான் பண்ணும்போது நெட்வியூ படிக்கிற அமைப்புல வைக்கணும். டிஎஸ்ஐபிஆர்எஃப்ங்கிற புரொஃபைல் ஃபைல் தொகுப்புல உங்க புரொஃபைல் மெம்பரைத் (ஃபைலை) திறந்தா முதல் வரியில புரொஃபைல்னு இருக்கும், அதுல ஐசி ஈக்வல்ஸ்னு ஒரு பேரு. லாகான் ஆன உடனே ஓடுற கமாண்ட் லிஸ்ட் அதுதான். அந்த லிஸ்ட்டுக்குள்ள என்பிடிஏ எஸ்விஃபில்டர் வரிகளைச் சேர்த்துடுங்க (என்பிடிஏங்கிறது அலெர்ட் திரையைக் காட்டுற நெட்வியூ பகுதி). ஆபரேட்டர் விவரமெல்லாம் ராக்எஃப்ங்கிற மெயின்ஃபிரேம் செக்யூரிட்டி சாஃப்ட்வேர்ல வச்சிருக்கிற இடம்னா, அதே ஐசி யூசரோட நெட்வியூ செக்மென்ட்ல இருக்கும். செக்யூரிட்டி டீம்கிட்டதான் கேக்கணும். எதுவா இருந்தாலும் அடுத்த லாகான்லதான் வேலை செய்யும்.

ஆளுக்கு ஒரு புரொஃபைல் வைக்காதீங்க, வேலைக்கு ஒண்ணு வைங்க. நெட்வொர்க் பாக்குறவங்களுக்கு ஒண்ணு, டிஸ்க், டேப் பாக்குறவங்களுக்கு ஒண்ணு. ஆள் மாறினாலும் குழப்பம் வராது.

இன்னொண்ணு. அப்பப்ப வர்ற அலெர்ட்டைக் காட்டுற அலெர்ட்ஸ்-டைனமிக் திரை ஒரே பக்கம்தான், புதுசு வர வர பழசு கீழ போய் மறைஞ்சிடும். ஒரே ஒரு கன்ட்ரோலர் (சாதனங்களை இணைச்சு இயக்குற பெட்டி) விழுந்து விழுந்து எழுந்தாப் போதும், மத்த எல்லாத்தையும் தள்ளிடும். அப்ப அந்த ரிசோர்ஸ் பேரை மட்டும் எஸ்விஃபில்டர்ல பிளாக் பண்ணுங்க. மொத்த டைப்பையும் பிளாக் பண்ணீங்கன்னா அதே டைப்ல வர்ற நிஜமான அலெர்ட்டும் உங்க கண்ணுல படாது. அந்தக் கன்ட்ரோலருக்கு டிக்கெட் போட்டாச்சான்னும் பாத்துக்குங்க. ஷிஃப்ட் மாத்தி விடும்போது டிஃபில்டர் போட்டு, இப்ப என்னென்ன ஃபில்டர் இருக்குன்னு வர்றவர்கிட்ட காட்டிட்டுக் கிளம்புங்க.