டூ ஸ்ட்ரோக் வண்டியும் இரண்டு ஒயில் சீலும்

வணக்கம் நேயர்களே. தோட்டத்து லய வீட்டுக்குப் பின்னால், விறகுக் கொட்டகைத் தகரத்தின் கீழே, ஒரு பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 அல்லது சுசுக்கி ஏஎக்ஸ் 100 சாய்ந்து கிடப்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். பார்த்ததும் ஒரு கிக் போடக் கால் துறுதுறுக்கும். தயவுசெய்து போடாதீர்கள். நம் மலை ஈரத்தில் சிலிண்டருக்குள் துரு ஏறி, பிஸ்டன் ரிங் அதில் ஒட்டியிருக்கும். மிதித்தால் ரிங் உடையும். அந்தத் துண்டு சிலிண்டரைக் கீறிவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் இரண்டு தேக்கரண்டி டூ ஸ்ட்ரோக் ஒயில் விட்டு, ஒரு நாள் ஊறவிடுங்கள். பிறகு டொப் கியரில் போட்டுப் பின் சில்லைக் கையால் மெல்ல உருட்டுங்கள். அசையவில்லையா? இன்னொரு நாள் ஊறட்டும்.

டேங்க் துருவுக்குக் கொஞ்சம் மண்ணெண்ணெயும் ஒரு பிடி சிறிய நட்டுகளும் போட்டுக் குலுக்கினால் போதும். போடும்போது இருபது என்றால், எடுக்கும்போதும் இருபது எண்ணி எடுக்க வேண்டும். கார்பரேட்டரில் பெற்றோல் வரும் சின்ன ஓட்டையுள்ள ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஓட்டை வட்டமாகத் தெரிய வேண்டும். அடைத்திருந்தால் மெல்லிய செம்புக் கம்பி இழையால் குத்துங்கள். இரும்புக் கம்பி ஓட்டையைப் பெரிதாக்கிவிடும். பிளக்கில் பொறி விழ வைக்கும் பொயின்ட்டின் இடைவெளி, பொயின்ட் உள்ள பெரும்பாலான வண்டிகளுக்கு 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் வேலை முடிந்தது என்று பெயின்ட் அடிக்கப் போகிறவர்கள் அதிகம். டூ ஸ்ட்ரோக் வண்டியில் பெற்றோலும் காற்றும் முதலில் பிஸ்டனுக்குக் கீழே, பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங் தண்டு இருக்கும் அறைக்குள் போகின்றன. அங்கே அமுங்கித்தான் மேலே ஏறுகின்றன. சைக்கிள் பம்பில் வாஷர் காய்ந்துபோனால் எத்தனை தரம் அடித்தாலும் டயரில் காற்று ஏறுமா? அதே கதைதான். அந்த அறைக்கு வாஷர் மாதிரி இருப்பவை கிராங்கின் இரு பக்கமும் உள்ள ஒயில் சீல்கள். வருடக்கணக்கில் ஓடாத வண்டியில் அந்த ரப்பர் விறைத்துப்போகும்.

மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட் பக்கத்துச் சீல் போனால் வெளிக்காற்று உள்ளே இழுபடும். அக்சிலரேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் இரைச்சல் இறங்காமல் நிற்கும். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் சூடேறி சிலிண்டரோடு இறுகிப் பிடித்துவிடும். கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர் ஒயில் உள்ளே போய் எரியும். வெள்ளைப் புகை நிற்காது, கியர் ஒயில் மட்டம் குறைந்துகொண்டே வரும். ரிங் தேய்ந்துவிட்டது என்று நினைத்து சிலிண்டரை போர் பண்ணி, அதாவது உள்ளே கடைந்து பெரிதாக்கி, காசைக் கரைப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

சோதிக்க பெரிய கருவி எதுவும் வேண்டாம். பிஸ்டனைக் கீழே இறக்கிவிட்டு, சைலன்சர் வாயைப் பழைய டியூப் ரப்பரால் இறுக்கி மூடுங்கள். பிளக் இருக்கட்டும். கார்பரேட்டரைக் கழற்றிய வாயில் ஒரு ரப்பர் அடைப்பு, அதன் நடுவே ஒரு குழாய். டொக்டர்கள் இரத்த அழுத்தம் பார்க்கும் பழைய கருவியின் பம்பையும் மீற்றரையும் அதில் மாட்டி, அந்த மீற்றரில் 250 வரை ஏற்றுங்கள். ஒரு நிமிடத்தில் 50க்கு மேல் இறங்கினால் கசிவு இருக்கிறது. சவர்க்கார நுரையைத் தடவினால் எங்கே என்று காட்டிக்கொடுக்கும். கிளட்ச் பக்கத்துக் கசிவை மட்டும் வெளியே நுரை காட்டாது. கியர் ஒயில் ஊற்றும் துளையில் காற்று வருகிறதா என்று பாருங்கள்.

புதுச் சீலைப் போடும்போது கிராங் முனையில் மெல்லிய பொலித்தீன் சுற்றி, ஒயில் தடவி நுழையுங்கள். இல்லாவிட்டால் மரையும் சாவிக்காடியும் சீல் உதட்டை வெட்டிவிடும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். மறுபடியும் சொல்கிறேன், இரண்டையும்.

நம் மலைக்கு இன்னொரு விஷயம் உண்டு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்று மெலிவு. அதனால் பெற்றோல் மிஞ்சி பிளக் கறுக்கும். கார்பரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு காடி மேலே ஏற்றினால் சரியாகும். ஆனால் கொழும்புக்கு இறங்கும் முன் கிளிப்பைப் பழைய இடத்துக்கே கொண்டுவர வேண்டும். கீழே காற்று அடர்த்தி, பெற்றோல் போதாமல் எஞ்சின் சூடேறி இறுகிவிடும். றம்பொடை இறக்கம் போன்ற நீண்ட இறக்கத்தில், பெற்றோலோடு ஒயில் கலந்து ஓடும் வண்டியென்றால், அக்சிலரேட்டரை மூடியபடியே கியரில் இறங்காதீர்கள். பெற்றோல் வராவிட்டால் ஒயிலும் வராது. அடிக்கடி கிளட்சைப் பிடித்து ஒருமுறை முறுக்கிவிடுங்கள். தனி ஒயில் பம்ப் உள்ள வண்டியானாலும் முதல் டேங்குக்கு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர் ஒயில் சேர்த்துவிடுங்கள். பம்ப் வேலை செய்கிறதா என்றே சந்தேகம் இருந்தால், அது தீரும்வரை லீற்றருக்கு 40.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். பிரேக்கைப் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பிரேக் ஷூவைக் கழற்றி, அதன் லைனிங்கை ஸ்குரூ டிரைவரால் தட்டிப் பாருங்கள். பொள்ளல் சத்தம் கேட்டால் ஒட்டு விட்டிருக்கிறது, ஈரம் உள்ளே போயிருக்கிறது. அந்த ஷூவோடு இறக்கத்தில் இறங்க வேண்டாம். அதோடு, காசு செலவழிக்கும் முன் எஞ்சின் நம்பரும் செசி நம்பரும் வண்டியின் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். நன்றி, வணக்கம்.